தகிட தகிட தகதிமி: ராக், பிரேசில் லயம், தென்சென்னைப் புறநகர்

தாம்பரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும், கீபோர்டு வாசிப்பவரின் விரலுக்கு எட்டும் தூரத்தில் பிரேசில் இருக்கிறது. ரிதம் பட்டியலில் ராக், டிஸ்கோ, வால்ட்ஸ் என்று நீளும் பெயர்களுக்கு நடுவே பாஸநோவாவும் சம்பாவும் உட்கார்ந்திருக்கும். பித்தானை அமுக்கினால் ஓடத் தொடங்கும். பாடுபவரின் ஊருக்கும் அந்தத் தாளத்தின் ஊருக்கும் நடுவே இரண்டு பெருங்கடல்கள் கிடக்கின்றன என்பது பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்க இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1960களின் கடைசியிலிருந்து உலகில் ராக் இசையைப் பிரேசில் ஜாஸின் லயத்தோடு கலந்து பார்த்த குழுக்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை பல நாட்டுக்காரர்கள் கூடி வாசித்தவை. அந்தக் கூட்டத்தில் சென்னைக்காரர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அப்படியிருக்க, பரங்கிமலை முதல் தாம்பரம் வரை, அடையாறு முதல் செய்யூர் வரை, வீட்டுக்கு வீடு கிடார் தொங்கும் இந்தப் புறநகர்ப் பட்டையில் இருந்து அந்த வகையில் பேர் சொல்லும்படி ஒரு குழு ஏன் எழவில்லை? தாளக் கணக்கு இங்கே இருக்கிறது, கிடாரும் இருக்கிறது, இரண்டும் ஒரே அறையில் உட்காரவில்லை என்பதுதான் என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லப் பிரேசிலில் இருந்து தொடங்க வேண்டும்.

பாஸநோவா மிகச் சின்ன இடத்தில் பிறந்த இசை. 1950களின் இறுதியில் ரியோ டி ஜெனீரோவின் கடற்கரைக் குடியிருப்புகளில், மத்தியதர வர்க்கத்து இளைஞர்கள் வீட்டுக் கூடங்களில் தாழ்ந்த குரலில் பாடிப் பழகியது. ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிம் மெட்டுகள் போட்டார். ஜுவாவ் ஜில்பெர்டோ அவற்றைக் கிடாரோடு பாடினார். 1958இல் வந்த அவருடைய 'ஷேகா ஜி சவுதாஜி' இசைத்தட்டை அந்தப் பாணியின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஜில்பெர்டோ செய்த காரியம் நுட்பமானது. தெருவில் நூறு பேர் முழக்கும் சம்பா ஊர்வலத்தை ஒரே கிடாரில் அடக்கினார். சுர்தோ என்ற பெரிய முரசின் அடியைக் கட்டைவிரல் எடுத்துக்கொண்டது. தம்போரிம் என்ற சிறு பறையின் குறுக்கடிகளை மற்ற விரல்கள் எடுத்துக்கொண்டன. குரல் இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் மிதந்தது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு சேர்ந்து அவர் செய்த 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பம் 1964இல் வெளியாகி, அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. அதற்குள் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது.

ராக் பிரேசிலுக்குள் சண்டையோடுதான் நுழைந்தது. 1967 ஜூலையில் சாவோ பாவ்லோ நகரில் இசைக் கலைஞர்கள் மின்கிடாருக்கு எதிராக ஊர்வலமே போனார்கள். அந்நிய வாத்தியம் நம் இசையை விழுங்கிவிடும் என்ற பயம். அந்த ஊர்வலத்தில் நடந்த ஜில்பெர்டோ ஜில், அதே ஆண்டு அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி இசை விழாவில் 'ஓஸ் முதான்தெஸ்' என்ற ராக் குழுவை மின்கிடாரோடு பக்கத்தில் நிறுத்திப் பாடினார். அங்கிருந்து, ராக்கைப் பிரேசில் இசையோடு கலந்த திரோபிகாலியா இயக்கம் வளர்ந்தது. 1968 டிசம்பரில் ஜில்லும் அந்த இயக்கத்தின் இன்னொரு பாடகர் கயத்தானோ வெலோசோவும் ராணுவ ஆட்சியில் கைதானார்கள், பிறகு லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஜில் 2003இல் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சரானார். நமக்கும் இந்தப் பயம் பழக்கமானதுதான். அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்து முப்பது ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. வயலின் மட்டும் எப்படியோ தப்பித்து, இன்று அது இல்லாமல் ஒரு கர்நாடகக் கச்சேரி இல்லை என்றாகிவிட்டது.

இனி தாளத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

பாஸநோவாவின் குறுக்கடியை நம் கொன்னக்கோல் வாயால் சொன்னால் தகிட தகிட தகதிமி தகிட தகிட. மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று. மொத்தம் பதினாறு மாத்திரை. சதுஸ்ர நடையில் நான்கு அட்சரம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் இது சரியாக இரண்டு முறை அடங்கும். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மட்டும் தட்டிப் பாருங்கள்: ஐந்து அடி விழும், அதுதான் டிரம்மர் வளையத்தின் ஓரத்தில் குச்சியால் தட்டும் சத்தம். கியூபாவின் சொன் கிளாவே இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். தகிட தகிட தகதிமி தக தகதிமி என்று போகும். கடைசி அடி ஒரே ஒரு மாத்திரை முன்னால் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு மாத்திரையில் ஹவானா ரியோவாகிவிடுகிறது.

மிருதங்கம் கற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு மாலைக்குள் வந்துவிடும். அதனால் நம்மவர்கள் பலர், பாஸநோவாவா, நம்மிடம் இல்லாத கணக்கா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எண்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் அவை செய்யும் வேலை வேறு. நம் மரபில் மூன்றும் நான்கும் சேர்ந்து வந்தால் அவை எங்கோ போய்ச் சேரப் புறப்பட்டவை. மோரா, கோர்வை, தீர்மானம் என்ற முத்தாய்ப்புகள் எல்லாம் கடைசியில் சமத்திலோ (தாளச் சுழற்சியின் முதல் அடி) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து விழ வேண்டும், சபையில் தலைகள் ஒன்றாக அசைய வேண்டும். பாஸநோவாவின் அந்த ஐந்து அடிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் கிடையாது. பாட்டு முடியும் வரை அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். இழுவிசை பாட்டின் ஸ்வரக் கூட்டில் இருக்கிறது, தாளத்தில் இல்லை.

இன்னொன்று, கனம் எங்கே விழுகிறது என்பது. தட்டு நமக்குச் சமத்தில் கனமாக விழும். சம்பாவின் சுர்தோ இரண்டாவது அடியில்தான் ஆழமாக முழங்கும். பழக்கமில்லாத நம் காது அதைச் சமம் என்று எடுத்துக்கொண்டு கைபோட ஆரம்பித்துவிடும். மூன்றாவது விஷயம் இன்னும் கடினம்: சம்பாவில் நான்கு மாத்திரைகளும் சம நீளமல்ல. ஒன்று கொஞ்சம் நெருங்கும், ஒன்று கொஞ்சம் ஒதுங்கும், அந்தச் சாய்வில்தான் உடம்பு ஆடுகிறது. மேற்கத்திய ஸ்வரத்தாளில் அதை எழுத முடியாது, நம் சொற்கட்டிலும் முடியாது. கீபோர்டுப் பித்தான் தருவது இந்தச் சாய்வைத் துடைத்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்ட பாஸநோவா. ஆனால் சாய்வு நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். பறையடியை அருகில் நின்று கேட்டவருக்கு அது தெரியும். சபா மேடையின் கணக்கைக் காட்டிலும் தெருவின் அடிதான் சம்பாவுக்கு நெருக்கம் என்பது என் எண்ணம்.

வாத்தியங்களிலும் எதிர்பாராத உறவுகள் உண்டு. பிரேசிலின் பெரிம்பாவ் ஒரு வில். அதில் கட்டிய சுரைக்குடுக்கையில் ஒலி எதிரொலிக்கும், நாணைக் குச்சியால் தட்டுவார்கள். அங்கோலாவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. நெல்லை, குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டில் வில்லும் இருக்கிறது, குடமும் இருக்கிறது, வீசுகோலும் இருக்கிறது. பந்தேய்ரோ என்ற அவர்களுடைய சலங்கைப் பறைக்கும் நம் கஞ்சிராவுக்கும் உருவ ஒற்றுமை முதல் பார்வையிலேயே தெரியும். கஞ்சிராவில் இடக்கையால் தோலை அழுத்திச் சுருதியை வளைப்பது போல அவர்களும் வளைக்கிறார்கள்.

அடுத்து ராக் குழுக்கள். எல்லாரும் முதலில் சொல்வது சந்தானா. மெக்சிகோவில் பிறந்த கார்லோஸ் சந்தானா, நிகராகுவாவில் பிறந்த செப்பிட்டோ அரேயாஸ், அமெரிக்கர்களான கிரெக் ரோலி, மைக்கேல் ஷ்ரீவ் என்று 1969இல் உட்ஸ்டாக் மேடை ஏறிய குழு. அவர்களுடைய ஆரம்ப ஆல்பங்களில் இருப்பது பெரும்பாலும் கியூபாவின் லயம். இதைப் பிரேசிலோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பிரேசில் பக்கம் அவர்கள் திரும்பியது 1972இல், 'காரவன்செராய்' ஆல்பத்தில் ஜோபிமின் ஒரு படைப்பை எடுத்தபோது. 1974இல் 'போர்போலெட்டா'வில் பிரேசிலின் அயெர்ட்டோ மொரெய்ராவும் அவர் மனைவி ஃப்ளோரா பூரிமும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் குழுவின் மிகச் சிறந்த காலம் அதுவே என்று நான் நினைக்கிறேன், விற்பனைக் கணக்கு வேறு சொல்லட்டும்.

அயெர்ட்டோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் மின்வாத்தியக் காலத்துக் குழுவில் வாசித்தவர், பியானோ கலைஞர் சிக் கொரியாவின் 'ரிட்டர்ன் டு ஃபாரெவர்' 1972இல் தொடங்கியபோது டிரம்ஸில் இருந்தவர். அவருக்கு முன்பு ஜாஸ் குழுவில் தாளவாத்தியக்காரர் என்றால் ஓரத்தில் நின்று பாங்கோ தட்டுபவர். அவர் அந்த ஓரத்தை மேடையின் நடுவுக்கு இழுத்து வந்தார்.

இதே காலத்தில் இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாஃப்லின் 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'வை உருவாக்கினார். டிரம்ஸுக்குப் பனாமாவில் பிறந்த பில்லி கோபம், கீபோர்டுக்கு செக் நாட்டு யான் ஹாமர், பேஸ் கிடாருக்கு அயர்லாந்தின் ரிக் லேர்டு, வயலினுக்கு அமெரிக்கரான ஜெர்ரி குட்மேன். ராக் வேகமும் ஒற்றைப்படைத் தாளங்களும் கொண்ட அந்தக் குழுவை நடத்திக்கொண்டே மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பெரிய பேர் வந்த பிறகும் மாணவனாகப் போய் உட்கார்ந்தார் என்பதை நான் மரியாதையோடு குறிப்பிடுகிறேன். அதன் விளைவுதான் 'சக்தி'.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் நடந்த கச்சேரி சக்தியின் முதல் ஆல்பமாக வந்தது. வயலின் எல். சங்கர், சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்தவர். தபலா ஜாகிர் உசேன். கடம் டி.எச். விக்கு விநாயக்ராம். மூன்றாவது ஆல்பமான 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' 1977இல் வந்தது. அதில் ஜாகிர் தபலாவோடு பாங்கோ, டிம்பாலே, முக்கோணம் எல்லாம் எடுத்தார், பாட்டுகள் சுருங்கின, லத்தீன் அமெரிக்க நடை எட்டிப் பார்த்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். நீளமான தனி ஆவர்த்தனங்களில் சொல்லிச் சொல்லி வென்றவர்கள், அதே கையால் ஒரே இடத்தில் சுற்றும் தாளத்தைச் சலிக்காமல் பிடித்து நிற்கக் கற்றது அந்த ஆல்பத்தில்தான்.

விக்கு விநாயக்ராமின் அடுத்த பயணம் இந்தக் கட்டுரையின் மையம். அமெரிக்க ராக் குழு 'கிரேட்ஃபுல் டெட்'டின் இரு டிரம்மர்களில் ஒருவர் மிக்கி ஹார்ட். ஜாகிரின் தந்தை அல்லா ரக்காவிடம் தாளம் பற்றி அறிந்துகொண்டவர், 1976இல் ஜாகிரோடு 'டிகா ரிதம் பேண்ட்' ஆல்பம் செய்தவர். அவர் 1991இல் 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்காகத் தாளக்காரர்களைக் கூட்டினார். நைஜீரியாவில் இருந்து பாபாதுண்டே ஒலாதுன்ஜி, சிக்கிரு அடெபோஜு. புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஜியோவானி ஹிடால்கோ. பிரேசிலில் இருந்து அயெர்ட்டோவும் ஃப்ளோரா பூரிமும். இந்தியாவில் இருந்து ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும். மின்கிடார் இல்லை, ஆகவே கறாராகப் பார்த்தால் இதை ராக் குழு என்று சொல்ல முடியாது. ஆனால் ராக் மேடையில் வாழ்ந்த ஒருவர் கூட்டியது. பிரேசிலும் சென்னையும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. 1992இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி அதற்குத்தான் கிடைத்தது.

சுட்ட மண்பானை ஒன்று அந்த மேடையில் கூச்சமில்லாமல் உட்கார முடிந்ததற்குக் காரணம் விக்குவின் தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தொடங்கிய ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா போன்ற இடங்கள். அடிப்படை அங்கே உறுதியாகக் கட்டப்பட்டது. அதனால் வெளியே போய் எதையும் கேட்க முடிந்தது. விக்குவின் மகன் செல்வகணேஷ், சக்தியின் மறுபிறவியான 'ரிமெம்பர் சக்தி'யில் கஞ்சிராவோடு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். 2023இல் வந்த சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் மெக்லாஃப்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோரோடு அவரும் இருந்தார், 2024 பிப்ரவரியில் அதற்கும் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் மறைந்தார்.

ஆக, உலக அளவில் இந்தக் கலவையில் சென்னையின் பங்கு பெரியது. கலந்தது மட்டும் லாங் ஐலண்டிலும் லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும்.

ஊருக்குத் திரும்புவோம். 1500ஆம் ஆண்டு போர்த்துகீசிய மாலுமி கப்ரால் ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு, அதே பயணத்தில் செப்டம்பரில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் 1523இல் பரங்கிமலையில் கோயில் கட்டினார்கள். அவர்கள் கால்பட்ட இடங்கள் பலவற்றில் கம்பி வாத்தியமும் ஆப்பிரிக்கத் தாளமும் சேர்ந்து முளைத்தன. நமக்கு மிக அருகில் முளைத்தது இலங்கையின் பைலா. ஆறு மாத்திரையில் துள்ளும் அந்தத் தாளத்தை 1970களில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ.ஈ. மனோகரன். 2018இல் சென்னையில் காலமானார். அவருடைய பொப் பாடல்களைக் கேலிப் பாட்டு என்று தள்ளுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். போர்த்துகீசியர் வழியாக வந்த ஆப்பிரிக்க லயம் தமிழில் இயல்பாக உட்கார்ந்த இடம் அதுதான். பிரேசில் சம்பா அதற்கு மாமன் மகன் முறை ஆகிறது.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தாம்பரம் ரயில்வே குடியிருப்பிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிடாரும் பியானோவும் வைத்திருந்தன. கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் காட்டுக்குள் குடிவந்தது. கல்லூரியும் தேவாலயப் பாடகர் குழுவும் சேர்ந்து ஒரு மேற்கத்திய இசைச் சூழலை வளர்த்தன. சிலோன் வானொலி மற்றதைச் செய்தது. அதே ரயில் பாதையில்தான் கோடம்பாக்கம் ஸ்டேஷன். ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராக்களில் டிரம்ஸ், கிடார், டிரம்பெட் வாசித்தவர்களில் ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் பலர். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கி முன் நின்று பாடும் காட்சியைப் பாருங்கள். லத்தீன் அமெரிக்கத் தாளக்கட்டை நம் வாத்தியக்காரர்கள் எவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போனார்கள் என்பது கண்ணால் பார்க்கக் கிடைக்கும். பின்னால் ஏ.ஆர். ரஹ்மான் இளவயதில் சிவமணியோடு 'ரூட்ஸ்' குழுவில் வாசித்ததும், 'நெமசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவைத் தொடங்கியதும் இந்தச் சூழலில்தான். ஆனால் சினிமா எல்லாரையும் உறிஞ்சிக்கொண்டது. நல்ல டிரம்மருக்குக் காலையில் ஒரு ரெக்கார்டிங், மாலையில் ஒரு ரெக்கார்டிங். குழுவாக உட்கார்ந்து ஒரே தாளத்தை ஆறு மாதம் அரைக்க நேரம் எங்கே?

கல்லூரி மேடைகள் இன்னொரு வழியில் போயின. கிண்டி ஐஐடியின் சாரங் விழாவில் 2009இல் ஸ்வீடனின் மெட்டல் குழு ஓபெத் வாசித்தபோது திறந்தவெளி அரங்கு நிரம்பியது. இளைஞர்களின் காது கனத்த மெட்டல் பக்கம் சாய்ந்தது. அதில் குறை இல்லை. குறை போட்டிகளின் அமைப்பில் இருக்கிறது. நம் கல்லூரிக் கலைவிழாக்களில் கர்நாடக இசைக்குத் தனிப் போட்டி, மெல்லிசைக்குத் தனி, வெஸ்டர்ன் பேண்டுக்குத் தனி. நடுவர்களும் தனித்தனி. நங்கநல்லூரில் மிருதங்கம் படிக்கும் பிள்ளையும் சேலையூர் தேவாலயத்தில் பேஸ் கிடார் வாசிக்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில் படித்தாலும், மேடைக்கு வரும்போது வேறு வேறு வரிசையில் நிற்கிறார்கள். சாதியும் மதமும் இந்த வரிசைகளுக்குள் ஒளிந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தச் சுவரைத் தாண்டியவர் கிடார் பிரசன்னா. ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். கர்நாடகக் கிருதிகளை மின்கிடாரில் முழுமையாக வாசிப்பவர், 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக்கினார். 2010இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர் பக்கம் ஸ்வர்ணபூமி இசைக் கல்விக்கூடத்தை அவர் தொடங்கியபோது, கொன்னக்கோலும் ஜாஸும் ஒரே கூரையின் கீழ் பாடமாயின. இந்தப் புறநகரில் நடந்த சரியான முயற்சி என்று நான் கருதுவது அதைத்தான். ஒரு கல்விக்கூடம் மட்டும் போதாது, அதில் இருந்து வருபவர்கள் வாரம் தவறாமல் வாசிக்கச் சின்ன அரங்குகள் வேண்டும். ஐம்பது பேர் உட்காரும் இடம் போதும். ரியோவில் பாஸநோவா வளர்ந்ததும் அப்படிப்பட்ட இடங்களில்தான். தாம்பரத்தில் இருநூறு கார் நிற்கும் மண்டபங்கள் இருக்கின்றன, ஐம்பது பேர் கேட்கும் அறை இல்லை.

வாத்தியத்துக்கும் இனி பஞ்சம் சொல்ல முடியாது. யமாஹா நிறுவனம் சென்னைக்குத் தெற்கே தன் தொழிற்சாலையில் 2019 முதல் கீபோர்டுகளையும் கிடார்களையும் செய்கிறது. அந்தக் கீபோர்டுகளில் இந்தியத் தாள வகைகளும் ஏற்றித் தருகிறார்கள்.

கல்லூரி விழாக்களை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்பேன். அடுத்த ஆண்டு ஒரே ஒரு புதிய போட்டி வையுங்கள்: குழுவில் ஒரு மின்கிடார், ஒரு கர்நாடகத் தாளவாத்தியம், ஒரு பறை மூன்றும் கட்டாயம். தயார் செய்த ரிதம் எதையும் ஓட்டக் கூடாது. பதினாறு மாத்திரைச் சுழற்சி ஒன்றைப் பத்து நிமிடம் தீர்மானம் வைக்காமல் பிடித்து நிற்க வேண்டும். நடுவர் வரிசையில் ஒரு மிருதங்க வித்வானும் ஒரு பறைக் கலைஞரும் ஒரு டிரம்மரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும்.